பாதுகாப்பு எத்தனை வருஷத்துக்கு

"கேமராவப் பாருங்க்கா" என்று இம்தியாஸ் போனைக் கவிழ்த்து அதன் முதுகைக் காட்டினான். முதுகில் மூன்று கண்கள் இருந்தன. அதில் இரண்டு சும்மா அழகுக்கு வைத்தது, ஒன்றுதான் படம் எடுக்கும் என்று தான் வேலை பார்க்கும் கல்யாண மண்டபத்துக்கு வரும் போட்டோக்காரர் எப்போதோ சொன்னது கனகமணிக்கு ஞாபகம் வந்தது. அவளுக்குக் கேமரா எதற்கு, யாரை எடுப்பது, மண்டபத்தை வேண்டுமானால் எடுக்கலாம், ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, நாற்காலிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது, மேடையில் புறா நடக்கிறது, அது நடக்கிற சத்தம் ஆபீஸ் அறை வரைக்கும் கேட்கிறது. போன் கடையில் கூட்டம் இருந்தது. ஆடித் தள்ளுபடி என்று வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். வெளியே மணிக்கூண்டுப் பக்கம் திரும்புகிற பஸ்ஸெல்லாம் இந்தக் கடை வாசலில்தான் ஹாரன் அடிக்க வேண்டும் என்று வேண்டுதல் வைத்த மாதிரி அடித்துக்கொண்டு போயின. "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுக்குப் பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருசத்துக்கு வரும்?" என்று கேட்டாள். சைபர் குற்றப் பிரிவில் இருந்த பெண் போலீஸ் இந்தக் கேள்வியை அவளை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்திருந்தாள், பள்ளிக்கூடத்தில் போல. கேமரா எவ்வளவு, மெமரி எவ்வளவுன்னு கடைக்காரங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க, நீங்க இதை மட்டும் கேளுங்க என்றிருந்தாள். இம்தியாஸ் ஒரு கணம் அவளையே பார்த்தான். முப்பத்தைந்து வயசு ஆள், வெள்ளைச் சட்டை, பேச்சில் யாரையும் தோற்க விடாதவன். "பாதுகாப்புன்னா வாட்ச்மேன் மாதிரிங்களாக்கா? நைட் ட்யூட்டியா, டே ட்யூட்டியா?" என்றான். பக்கத்தில் கவர் மாற்ற வந்திருந்தவர் சிரித்தார். கனகமணியும் சிரித்தாள். மூன்று நாளாக எல்லோரும் சிரிக்கும்போது கூடவே சிரித்துவிடுவது நல்லது என்று பழகியிருந்தாள். "இருங்க, பெட்டியில போட்டிருக்கானான்னு பார்த்துச் சொல்றேன்" என்று அவன் உள்ளே போனான்.

அவள் ஏமாந்தவள் கிடையாது. அதை யாரிடமாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது, ஆனால் கேட்கிறவர்கள் பாதியிலேயே தலையை ஆட்டிவிடுகிறார்கள், பாவம் தெரியாமத் தொட்டுட்ட என்கிறார்கள். தெரியாமல் தொடவில்லை. தொடுவதுதான் அவளுக்கு வேலை. மண்டபத்தைப் பிடிக்கிற எல்லோரும் பத்திரிகையை அவளுடைய வாட்ஸ்அப்புக்குத்தான் அனுப்ப வேண்டும், அனுப்பினால்தான் வாசல் பலகையில் விளக்கு எழுத்தில் ஓடுகிற பெயர்களைப் பிழையில்லாமல் அடிக்க முடியும். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மாறிப்போனால் போதும், சம்பந்திகள் மண்டப வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஒருமுறை பெண்ணின் படிப்பைப் போட்டு மாப்பிள்ளையின் படிப்பை விட்டதற்குப் பந்தியில் ஒரு வரிசையே எழுந்து போயிருக்கிறது. அனுப்புகிற நம்பர் எல்லாமே தெரியாத நம்பர்தான். பெண்ணின் சித்தப்பா அனுப்புவார், மாப்பிள்ளையின் நண்பன் அனுப்புவான், ஒரு வணக்கம்கூட இருக்காது, பத்திரிகை மட்டும் வந்து விழும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே வர ஆரம்பித்துவிடும். அப்படித்தான் அன்றும் வந்தது. 'திருமண அழைப்பிதழ்' என்று பெயர், பக்கத்தில் சிவப்பில் ஓர் இதயம். தொட்டாள். படமாக விரிய வேண்டியது விரியாமல், நிறுவ அனுமதிக்கவா என்று கேட்டது. அவளுடைய பழைய போன் எதைத் தொட்டாலும் ஏதாவது ஒன்று கேட்கும், அனுமதிக்கவா, சம்மதமா, இப்போதா பிறகா, வயசான மாமியார் மாதிரி, எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னால்தான் வேலை நடக்கும். ஆமாம் என்றாள். இன்னும் ஏதோ கேட்டது. அதற்கும் ஆமாம் என்றாள். ஒன்றும் விரியவில்லை. சரி, பழைய போன், திறக்கவில்லை என்று அதை வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். முருங்கைக்காய்க் குழம்பு. அந்தக் குழம்பின் வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது, ஏனென்றால் இரண்டாவது கவளத்தில் போன் அடித்தது.

அண்ணன்தான். அண்ணன் பகலில் கூப்பிட மாட்டார், அதனால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து இடது கையால் எடுத்தாள். "என்ன அம்மிணி இது" என்றார். பின்னால் அண்ணி, "மாப்பிள்ளை யாருன்னு கேளுங்க, அதைக் கேளுங்க முதல்ல" என்று சொல்வது கேட்டது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது குழம்புக் கை காய்ந்து போயிருந்தது. அவள் போனில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேருக்கும் அவள் நம்பரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை போய்ச் சேர்ந்திருந்தது. சித்திகள், பால்காரர், பாத்திரக் கடை, கூடப் படித்தவர்கள், மண்டபத்தில் முன்பு கல்யாணம் நடத்திவிட்டு மறந்துபோனவர்கள், பல் டாக்டர். உள்ளே பெயர் கிடையாது, தேதி கிடையாது, முகப்பில் இதயம் மட்டும், அதனால் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றிய மாப்பிள்ளையை அதில் உட்கார வைத்துக்கொண்டார்கள். மண்டபத்து மேனேஜர் என்று ஒருத்தி, மனைவி தவறிப்போன பாத்திரக் கடைக்காரர் என்று இன்னொருத்தி. பாத்திரக் கடைக்காரரே கூப்பிட்டு, "ஏனுங்க, எல்லாரும் என்னையக் கேக்கறாங்க, மாப்பிள்ளை நானில்லீன்னு ஒரு வார்த்தை போட்டுருங்க" என்றார். பெரிய சித்தி, "ஏ அம்மிணி, இந்த வயசுல எதுக்குன்னு ஊர் பேசும், பேசட்டும், நான் வர்றேன்" என்று அழுதாள். நாற்பத்தொன்பது வயசுக்காரிக்கு அன்று மத்தியானம் வந்த போன் அவளுடைய பிறந்தநாள்கள் அத்தனைக்கும் சேர்த்து வந்ததில்லை. எல்லோரிடமும் சொன்னாள், இல்லீங்க, அது வைரஸ், தொடாதீங்க, தொட்டுட்டா உங்க போன்லயும் பூந்துரும். சொன்னதும் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அண்ணன் முதலில் சொன்னார், அதானே பார்த்தேன் என்று. அதைச் சொல்லும்போது அவர் மூச்சு ஒன்று கீழே இறங்கியது. அந்த மூச்சு எதற்கு. அவள் இருக்கிற பின்கட்டு அறைக்கு மாப்பிள்ளை என்று ஒருவர் பங்கு கேட்டு வரமாட்டார் என்றா, அவள் போய்விட்டால் அண்ணியின் முட்டிவலிக்கு யார் தண்ணீர் தூக்குவார்கள் என்றா, இல்லை உண்மையிலேயே தங்கச்சி யாரிடமும் சொல்லாமல் ஒன்றைச் செய்துவிட்டாளோ என்ற பயம் போன மூச்சா. நல்ல மனுஷன்தான் அண்ணன். கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. அதானே என்றாள் சின்னச் சித்தி. அதானே, நானும் நினைச்சேன் என்றார் பல் டாக்டர், அவருக்கு இதில் நினைக்க என்ன இருந்தது.

"க்கா, ரெண்டு வருசம் போட்டிருக்கான்" என்று இம்தியாஸ் திரும்பி வந்தான். "ஆனா அதெல்லாம் யாரும் பார்க்கறதில்லீங்க்கா. ரெண்டு வருசத்துல நீங்களே சலிச்சுப்போய் வேற மாத்திருவீங்க." "நான் மாத்த மாட்டனுங்க" என்றாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க்கா. எங்கூட்டுக்காரி வருசத்துக்கு ஒண்ணு மாத்தறா, என்னைய மட்டும்தான் மாத்தல." கவர்க்காரர் மறுபடி சிரித்தார். "நாலு வருசம், அஞ்சு வருசம் வர்றது ஏதாச்சும் இருக்குதுங்களா?" "இருக்குது. ஆனா பார்க்க டல்லா இருக்கும். போன வருச மாடல். கேமரா சுமார்." "காட்டுங்க." அவன் மனசில்லாமல் அலமாரியின் கீழ்த்தட்டுக்குக் குனிந்தான். ரெண்டு வருசம் என்றால் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று அவள் அந்தப் பெண் போலீஸிடம் கேட்டிருந்தாள். ஒண்ணும் ஆகாதுங்க்கா, போன் பேசும், படம் ஓடும், எல்லாம் முன்ன மாதிரியே இருக்கும், அதனாலதான் யாருக்கும் தெரியறதில்லை என்றாள். கதவில் பூட்டு இருக்கும், ஆனால் அந்தப் பூட்டுக்குச் சாவி எப்படிச் செய்வதென்று ஊரில் இருக்கிற திருடனெல்லாம் அதற்குள் படித்திருப்பான், கம்பெனி அவ்வப்போது புதுப் பூட்டு அனுப்ப வேண்டும், உங்க போனுக்கு அனுப்பறதை எப்பவோ நிறுத்திட்டாங்க. புதுசா இருந்திருந்தா நீங்க ஆமான்னு அழுத்தினாலும் அது இல்லேன்னு தடுத்திருக்கும். எப்போது நிறுத்தினார்கள் என்று அந்தப் பெண் போனின் உள்ளே போய் ஒரு தேதியைக் காட்டினாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை. அந்தக் கார்த்திகையில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கனகமணி யோசித்துப் பார்த்தாள், மழை, மண்டபத்துச் சமையல்கட்டில் ஒழுகியது, வேறு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஒரு நாள், ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஓர் ஆபீஸில் இனிமேல் இதைப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள், இவளுக்கு ஒரு தகவல் இல்லை. ஜாதகமும் அப்படித்தான் நின்றது. முதலில் மாதத்துக்கு இரண்டு வந்தது, தரகர் குடையை மாட்டிக்கொண்டு வருவார், அப்புறம் தைக்கு ஒன்று, ஆவணிக்கு ஒன்று, அப்புறம் எப்போது கடைசியாக வந்தது என்று யாருக்குமே தெரியவில்லை. அம்மா போன பிறகா, அதற்கு முன்னாலா. யாரும் நிறுத்தவில்லை. நின்றுவிட்டது.

பிலோமினாவுக்கு மட்டும் அவள் அன்றே சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. பிலோமினா பள்ளிக்கூடத்தில் கூட உட்கார்ந்தவள், கோயம்புத்தூரில் இருக்கிறாள், போனை எடுத்ததும் அழுதுகொண்டே சிரித்தாள். "அடிப்பாவி, அடிப்பாவி, சொல்லாம கொள்ளாம! நான் என்ன கலர் சேலை கட்டறது? பத்திரிகை திறக்கவே மாட்டேங்குதுடி, போட்டோ எடுத்து அனுப்பு." அவள் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த விலை கூடிய போனில் இந்த வைரஸ் திறக்காது, அது அப்போது கனகமணிக்குத் தெரியாது, ஆனாலும், திறக்கலையா, சரி, விடு, திறக்காதே, நானே நாளைக்குக் கூப்பிடறேன் என்றாள். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. "கருநீலம் கட்டட்டா?" என்றாள் பிலோமினா. கட்டு என்றாள். அன்று சாயங்காலம் பின்கட்டில் துணி மடிக்கும்போது கருநீலச் சேலையில் பிலோமினா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் யார் இருந்தார்கள் என்று கனகமணி பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இருக்கவில்லை, ஒருத்தி தனக்காகச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள் என்பதே போதுமாக இருந்தது. காலையில் எழுந்ததும் கூப்பிட்டுச் சொன்னாள். பிலோமினா மட்டும்தான் அதானே என்று சொல்லவில்லை. "சரி, சேலை இருக்கட்டும்" என்றாள். அதற்குள் மண்டபத்துச் சமையல் மாஸ்டர் ரங்கப்பன் பத்திரிகையைத் தொட்டுவிட்டிருந்தார். நம்ம மணிக்குக் கல்யாணம், நாம சமைக்காமலா என்று ஆசையாகத் தொட்டிருக்கிறார். அது அவர் பேங்க் கணக்கில் இருந்ததை வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் அவளைத் திட்டவில்லை. "நீ என்ன பண்ணுவ அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு அடுப்பு எரியாத சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் திட்டியிருக்கலாம்.

ரங்கப்பனைப் பார்த்துவிட்டு வந்தபோதே அவள் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆபீஸ் போனிலிருந்து எல்லோரையும் கூப்பிட்டாள், பால்காரர் வரைக்கும், பெயர் ஞாபகமில்லாதவர்கள் வரைக்கும், நாக்கு வறண்டு போகிற வரைக்கும் அதையே சொன்னாள். ஒரே ஒருவரை மட்டும் விட்டாள். சென்னியப்பன். மண்டபத்துக்கு சீரியல் செட் கட்டியவர். வாசலிலிருந்து ரோடு வரைக்கும் மூங்கில் நட்டுப் பச்சையும் சிவப்புமாக விளக்கு இழுத்து, மேலே மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் எரிகிற மாதிரி செய்வார். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முதல் நாள் மத்தியானம் ஆபீஸ் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, "பேரு சொல்லுங்க மணி" என்பார். அவள் சொல்வாள். அவர் திரும்பச் சொல்வார். எழுத்தெல்லாம் சரியா என்பார். சரி என்பாள். அவ்வளவுதான், இத்தனை வருஷத்தில் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை, ஒருமுறை தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுபோய் இருட்டில் இரண்டு பேரும் ஓடியது, ஒருமுறை டீ வாங்கி வந்து இவளுக்கும் ஒன்று வைத்தது, ஒருமுறை மூங்கில் மேலேயிருந்து, "உங்க பேரை எப்பங்க எரிய விடறது?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதையே மண்டபம் கூட்டிப் பெருக்குகிற பாப்பாத்தியிடமும் கேட்டிருப்பார், அவளுக்கு அது தெரியும். அவருக்குக் குடும்பம் இருந்தது, பெண் குழந்தை இருந்தது, அதில் கனகமணிக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அப்படி எதையும் அவள் நினைத்ததில்லை. நினைக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறாளா. இல்லை, நினைக்கவில்லை. மண்டபத்துக்காரர் சொந்தமாக விளக்குப் பலகை வாங்கிய பிறகு சென்னியப்பனுக்கு வேலை இல்லாமல் போய் அவர் கோபிக்குப் போய்விட்டார். போகும்போது, "ஏதாச்சும்னா கூப்பிடுங்க" என்று தன் நம்பரைச் சொல்லி, இவளை ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஏதாச்சும் என்று ஒன்றும் வரவில்லை. அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, ஒரு காலை வணக்கம்கூட அனுப்பியதில்லை. அவருக்கும் அவளுக்கும் இடையில் வாட்ஸ்அப்பில் இருந்தது வெறும் வெள்ளைச் சுவர். அந்தச் சுவரில் முதல் முதலாக விழுந்தது அந்தப் பத்திரிகைதான், அதையும் அவள் அனுப்பவில்லை. கீழே இரண்டு நீல டிக் விழுந்திருந்தது. பார்த்திருக்கிறார். பதில் இல்லை.

பார்த்துவிட்டு என்ன செய்திருப்பார். அந்த இடத்தில்தான் மூன்று நாளாக அவள் நின்றுகொண்டிருக்கிறாள். தொட்டிருப்பார், ரங்கப்பன் மாதிரி. ஆமாம் ஆமாம் என்று அழுத்தியிருப்பார். பெண்ணைக் காலேஜுக்கு அனுப்புகிற வயசு, கணக்கில் கொஞ்சம் வைத்திருப்பார், இந்நேரம் போயிருக்கும், அல்லது இன்னும் போகாமல் இருக்கும், இப்போது கூப்பிட்டால் தடுக்கலாமாக இருக்கும், இந்த நிமிஷம், அடுத்த நிமிஷம். கூப்பிட வேண்டியதுதான். கூப்பிட்டு என்ன சொல்வது, அது வைரஸுங்க, எனக்குக் கல்யாணம் இல்லீங்க என்பது. அவர் சொல்வார், அதானே பார்த்தேன் என்று. அண்ணன் சொல்லலாம், பல் டாக்டர் சொல்லலாம், ஊரே சொல்லட்டும். ஈரோட்டுக்கும் கோபிக்கும் இடையில் எங்கோ ஒரு மனுஷன் தறி ஓடுகிற வீடுகளைத் தாண்டி பஸ்ஸில் போகும்போது, பரவாயில்லை, மணிக்கும் ஆயிருச்சு என்று நினைத்துக்கொண்டு போகிறார், அந்த நினைப்பில் அவள் பெயர் பச்சையும் சிவப்புமாக எரிகிறது, அதைப் போய் அவளே சுவிட்சைப் போட்டு அணைக்க வேண்டுமா. இதற்காக ஒருத்தர் வீட்டுக் காசு போகலாமா. போகக்கூடாது. போகக்கூடாது என்று தெரிந்தே மூன்று நாள். இதைப் போலீஸ்காரியிடம் சொல்லவில்லை, எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா என்று கேட்டபோது சொல்லிட்டேன் என்றாள். ஒருவேளை அவர் வாழ்த்து சொல்லக் கூப்பிட்டிருப்பாரோ, பழைய போனைத்தான் அணைத்து வைத்தாயிற்றே, சிம்மைக் கழற்றி மாத்திரைக் கவரில் போட்டு வைத்திருக்கிறாளே, கூப்பிட்டிருந்தால் தெரியாது. கூப்பிட்டிருப்பார். எப்பவுமே பேரைத் திரும்பச் சொல்லிச் சரி பார்க்கிற மனுஷன், மாப்பிள்ளை பேரு என்னங்க மணி, எழுத்தெல்லாம் சரியா என்று கேட்கக் கூப்பிட்டிருப்பார்.

"இதுதாங்க்கா" என்று இம்தியாஸ் ஒரு பெட்டியைத் தூசி தட்டி வைத்தான். சாம்பல் நிறம், முதுகில் இரண்டே கண், கையில் எடுத்தபோது நல்ல கனம். "நாலு வருசம் மாசாமாசம் வரும்னு போட்டிருக்கான். நானே இப்பத்தான் படிக்கறேன்." அவன் குரலில் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது. "இதுலயும் கெட்டது வந்தா வரும்ங்க்கா, நாமளாத் தொட்டா கடவுள்கூடக் காப்பாத்த முடியாது." "தெரியும்ங்க" என்றாள். "கவர் போடட்டா? பூப் போட்டது இருக்குது." "வேண்டாம்ங்க, சும்மா கண்ணாடி மாதிரி இருக்கறது போடுங்க." கண்ணாடித் தாளை ஒட்டும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழி வராமல் விரலால் தள்ளினான். அவள் மாத்திரைக் கவரைப் பிரித்து சிம்மை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஊசியால் குத்தி ஒரு சின்னத் தட்டை வெளியே இழுத்து, சிம்மை வைத்து உள்ளே தள்ளினான். போன் விழித்தது. வணக்கம் என்றது, மொழி என்ன என்றது. சிக்னல் ஒவ்வொரு கோடாக ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது கூப்பிட்டதாகத் தகவல் வருமா என்று பார்த்தாள். வந்தது, இரண்டு, ஒன்று பேங்க், ஒன்று சின்னச் சித்தி. "ஒரு கால் பண்ணிப் பாருங்க்கா, பேச்சு கிளியரா இருக்குதான்னு" என்றான் இம்தியாஸ். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது மூன்று நம்பர், மண்டபம், அண்ணன், அப்புறம் கோபியில் இருப்பவருடையது. யோசிப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது என்று பிறகு நினைத்துக்கொள்ளலாம். யோசித்துத்தான் அழுத்தினாள். ரங்கப்பன் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டு பத்து எண்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள், மணி அடித்தபோது கடைக்கு முதுகைக் காட்டி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அதானே என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

"அலோ, யாருங்க?" அவர்தான். குரல் மாறவில்லை, பின்னால் ஏதோ மோட்டார் ஓடியது. "நாந்தானுங்க" என்றாள். "நாந்தான்னா, யாருங்க?" பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது, அது போகிற வரைக்கும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "மூணு நாளைக்கு முன்னால உங்களுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சுங்களா, இந்த நம்பர்லேருந்து?" "வந்துச்சுங்க. பேரே காட்டலீங்க, தெரியாத நம்பருங்களா, எம்பொண்ணு தொட்டுராதீங்கப்பான்னா. அப்பவே அழிச்சுப்போட்டேன். ஏனுங்க?" "ஒண்ணுமில்லீங்க. அது வைரஸ். திறந்துராதீங்கன்னு சொல்லத்தான்." "அட, இதுக்குன்னு மெனக்கெட்டுக் கூப்பிட்டீங்களா. ரொம்ப நன்றிங்க. நானெல்லாம் தெரியாத நம்பர்ல எது வந்தாலும் தொடறதே இல்லீங்க." "அதுதான் நல்லதுங்க" என்றாள் கனகமணி. "அப்படியே இருங்க." "நீங்க யாருன்னு சொல்லலீங்களே?" சொல்லலாம். பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால், அட, மணிங்களா என்பார், நிச்சயமாக அப்படித்தான் என்பார், போன் மாத்தினப்போ நம்பரெல்லாம் போயிருச்சுங்க என்பார். அல்லது எந்த மணிங்க என்பார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அவர் காத்திருந்தார், பொறுமையான மனுஷன். "ஈரோடுங்க" என்றாள். "சரிங்க, சரிங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

"கேட்டுச்சுங்களாக்கா?" என்றான் இம்தியாஸ். "நல்லாக் கேட்டுச்சு." "யாரு, சொந்தமுங்களா?" "பத்திரிகை போனவங்க. திறக்கலையாம்." "அப்பாடா. தப்பிச்சாரு." "ஆமா" என்றாள். உண்மையிலேயே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது, ஒரு வீட்டுக் காசு வீட்டிலேயே இருக்கிறது, அந்தப் பெண் காலேஜுக்குப் போவாள், கெட்டிக்காரப் பெண். இறங்கிய இடம் காலியாக இருந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மண்டபத்துக்குத் திரும்ப வேண்டும், ஆவணிக்கு யாராவது பத்திரிகை அனுப்பியிருப்பார்கள். "கடைசி வேலைங்க்கா, ரேகை வைங்க" என்று அவன் போனை அவள் பக்கம் நகர்த்தினான். வைத்தாள். எடுங்க என்றான், மறுபடி வைங்க, கொஞ்சம் சாய்ச்சு, ஓரத்தை வைங்க, இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும் போன் லேசாக அதிர்ந்தது. கடைசியில் பச்சையாக ஒரு வட்டம் மூடிக்கொண்டது. "அவ்வளவுதான். புடிச்சுக்கிச்சு. இனி நீங்க தொட்டாத்தான் திறக்கும், வேற யாரு தொட்டாலும் திறக்காது" என்றான் இம்தியாஸ், அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி. "வேற யாருங்க தொடப்போறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் பைக்குள் போனை வைத்தாள்.